ரயிலுக்கு வந்த வெள்ளரிப்பழம்

கலியாணம் முடிந்து என் கணவர் கிரானில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வருசம், நெல் வெட்டிய வயல் வட்டையில் வெள்ளரி போட்டோம். அவர் பெரியகல்லாற்றில் வாவி மீனோடு வளர்ந்தவர். கொடியை மிதிக்காமல் நடக்கவே நான்தான் பழக்கினேன். ஆனாலும் அந்தச் சித்திரை வெயிலுக்குப் பழங்கள் குடம் குடமாகத் திரண்டன.

வெள்ளரிப்பழம் பழுத்தால் வெடிக்கும். வெடித்தால் மறுநாளுக்கு நிற்காது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாரும் அதனால் ஒரே நாளில் ஏறாவூர்ச் சந்தைக்கு வண்டி கட்டுவோம். அங்கே பழம் மலையாகக் குவியும். வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

அன்று எங்கள் வண்டியில் பாதிப் பழம் வழியிலேயே வெடித்துவிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. எதிரே வெற்றிலைக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் எழுந்து வந்தார்; காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

“என்ன தங்கச்சி, இஞ்ச எல்லாரிட்டயும் பழம் கிடக்கு. ஆரு வாங்குவான்? ஸ்டேசனுக்குக் கொண்டு போங்க. ரயில் வாற நேரந்தான்.”

“வெடிச்ச பழத்த ஆர் காக்கா வாங்குவாங்க?”

“அதத்தான் முதல்ல காட்டணும். மணம் அதிலதானே!” என்றவர், கடையிலிருந்து ஒரு காகிதச் சரையில் சீனியும் தந்தார்.

ரயில் வந்து நின்றதும் என் கணவர் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்தது மீன் கூவி விற்பது ஒன்றுதான்.

“ஓடி வாங்க! ஓடி வாங்க! இப்ப பிடிச்சது, துடிக்குது!”

பெட்டிக்குப் பெட்டி தலைகள் நீண்டன. ஒரே சிரிப்பு. வெடித்த பழத்தை வாழையிலைத் துண்டுகளில் வைத்து, சீனி தூவி, நான் ஜன்னல் ஜன்னலாக நீட்டினேன். ருசி பார்த்தவர்கள் முழுப் பழம் கேட்டார்கள். கார்ட் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “இன்னொரு துண்டு வை மகள்” என்றார். அன்று ரயில் கொஞ்சம் பிந்தித்தான் போனது.

வீட்டுக்கு வந்த கையோடு என் கணவர் தோட்டக்காரரைக் கூட்டினார்.

“எல்லாரும் ஒரு நாளில போனா நமக்கு நாமளே எதிரி. முறை வச்சுப் போவம்.”

“பழம் நம்மட முறைக்குக் காத்திருக்குமா தம்பி?” என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்.

அதற்கு வழி பெண்களிடம் இருந்தது. வெடிப்பதற்கு முன்பே பறித்து, வைக்கோல் சுற்றி, வாழைநாரால் இறுக்கிக் கட்டினோம். கட்டிய பழம் இரண்டொரு நாள் தாங்கியது. அதன்பின் ஒரு நாளைக்கு ஒரு வண்டிதான் போனது. எல்லார் வீட்டிலும் பழுத்தது அதில் ஏறியது. சந்தையில் பழம் குறைய, வியாபாரிகளே கிரானுக்கு வரத் தொடங்கினார்கள். விலையை இப்போது நாங்கள் சொன்னோம்.

ஸ்டேசனில் விற்பதையும் நாங்கள் விடவில்லை. கூவிக் கூவி ஒரு நாள் இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரயில் வந்து நிற்கிறது. இவர் வாயிலிருந்து காற்றுத்தான் வருகிறது.

“நீ கூவு புள்ள.”

“ஐயோ மச்சான், எனக்கு வெக்கமா கிடக்கு!”

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, “வெள்ளரிப்பழம்!” என்று கத்தினேன். எங்கள் வண்டி மாடே மிரண்டு திரும்பிப் பார்த்தது. கண்ணைத் திறந்தால், ஜன்னல்களெல்லாம் கைகள்.