ஏழாவது விரிசல்

அப்பா படம் பார்க்கக் கற்றுக்கொண்டது அறுபத்தோராவது வயதில். அதற்கு முன் முப்பத்தொரு வருஷம் அவர் பார்த்ததெல்லாம் பெட்டிகள்.

சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் குடோனில் அவர் டேமேஜ் பார்ப்பவர். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானையும் ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கே நசுங்கல், எங்கே உடைசல், எங்கே கீறல் என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்து விழாமல் ஒரு மிக்ஸி கூட கேட்டைத் தாண்டாது. குடோனில் அவருக்குப் பெயர் கீறல் சார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதுதான் அவருடைய சொந்தப் பெயர் என்று நம்பி, 'மதிப்பிற்குரிய கீறல் அவர்களுக்கு' என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தார். அப்பா அதிலும் கையெழுத்துப் போட்டார். எழுதியிருந்த விஷயம் சரியாக இருந்தது, லீவு வேண்டும் என்பதுதானே.

வீட்டிலும் அதே கண்தான். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முட்டியில் சிராய்ப்போடு வந்தால், வலிக்கிறதா என்று கேட்க மாட்டார். "இன்னைக்கு விழுந்ததா, நேத்து விழுந்ததா?" என்பார். தக்காளி வாங்க அவரை அனுப்பக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒரு கிலோ எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும், கடைக்காரரும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம் குடோனுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே ஓர் எண்ணெய் ஓவியம். நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஓர் எலுமிச்சம்பழம். ஏன் எலுமிச்சம்பழம் என்று அப்பா யோசிக்கவில்லை. படத்தில் விரிசல் இருந்தது. எண்ணினார், பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நீளம், இடம், பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை வரிசையாக எழுதி, சரக்கை ஏற்க முடியாது என்று கீழே கையெழுத்திட்டார்.

படத்தை வாங்கியவரின் ஆள் வந்தார். பட்டியலைப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். படத்தை அவர் பார்க்கவே இல்லை. இது இருநூறு வருஷத்துப் படம், இதெல்லாம் வயதில் வந்த விரிசல், இதைப் போய் சேதம் என்று எழுதியிருக்கிறீர்களே என்றார்.

"உங்க தாத்தா மூஞ்சில சுருக்கம் இருந்தா, அதையும் டேமேஜுன்னு எழுதுவீங்களா?"

"தாத்தா பெட்டியில வந்தா எழுதுவேன்," என்றார் அப்பா.

அதை மேனேஜர் ரசிக்கவில்லை. அப்பாவை அறைக்குள் கூப்பிட்டு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். 'ஓவியம் பற்றிய அறிவு எனக்கு இல்லாததால் தவறாக எழுதிவிட்டேன். என் அறிக்கை முழுவதையும் திரும்பப் பெறுகிறேன்.' அப்பா எழுதினார். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், இன்னொரு தடவை படத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார்.

"என்னத்தைப் பார்க்கப் போறீங்க? பெட்டிக்கு ஆணி அடிச்சாச்சு. போடுங்க சார், வண்டி நிக்குது."

அப்பா போட்டார். முப்பத்தொரு வருஷத்தில் பார்க்காமல் அவர் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டில் உப்பே இல்லை. அதைச் சொல்லாமல் அவர் சாப்பிட்டு எழுந்ததும், ஏதோ நடந்திருக்கிறது என்று அம்மா கண்டுகொண்டாள். கேட்டுக் கேட்டு, மூன்றாம் நாள் விஷயத்தை வாங்கினாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். கம்பெனியில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மேடையிலேயே அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஒரு கீறல் இருக்கிறது, பரவாயில்லை என்றார். கை தட்டினார்கள்.

அதற்கு மூன்றாம் மாதம் மகளுக்குப் போன் செய்து, அவள் விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பின் பாஸ்வேர்டு கேட்டார். மகள் அப்போது வேறு ஊரில், ராட்சதத் தொட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெல்டிங்கைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். எதற்கு என்று கேட்டாள். ஒரு கோர்ஸில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். 'கலை வரலாறும் கலை வணிகமும்'. ஆன்லைனில் இருபத்து நான்கு வாரம்.

"ஏம்ப்பா இது?"

"ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்."

என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதினான்கும் உண்மையிலேயே பழைய விரிசல்தானா. தான் போட்ட கையெழுத்து சரியா, தப்பா. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அவருக்குச் சம்மதம். தெரியாமல் இருப்பதுதான் ஆகவில்லை.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனை வகுப்பறை ஆனது. காலையில் அம்மா காய் நறுக்கி முடித்த பிறகுதான் வகுப்பு, மேசை ஒன்றுதான் என்பதால். பாடம் எடுத்த அம்மாள் பேசுவதை நிறுத்தி நிறுத்தி, திரையில் கீழே ஓடும் எழுத்துகளை அப்பா நோட்டில் இறக்கினார். அம்மா முதல் வாரம், ஹால் டிக்கெட் எப்போது வரும் என்று கேட்டாள். நான்காம் வாரம் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதுதான் பாடமா?"

"இது பதினாறாம் நூற்றாண்டு."

"துணி கண்டுபிடிச்சு அப்பவே ரொம்ப நாளாச்சே."

அப்பா அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார், கேள்வி நியாயமானது என்பதால்.

முதல் பயிற்சியில் தோற்றார். ஓர் ஓவியத்தைப் பார்த்து மனதில் தோன்றுவதை எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்பா எழுதினார்: 'ஆண் இருவர். மேசை ஒன்று. நாய் ஒன்று. மேசையின் முன்கால் சற்று வளைந்துள்ளது. படத்தின் பின்பக்கம் காட்டப்படவில்லை, ஆகவே அதுபற்றி எதுவும் சொல்ல இயலாது.' அந்தக் கோர்ஸில் வாத்தியார் திருத்துவதில்லை. கூடப் படிக்கும் முகம் தெரியாத மூன்று பேர் மதிப்பெண் போட வேண்டும், மூவரும் போட்டால்தான் கணக்கில் சேரும். மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள், இதில் உணர்ச்சி இல்லை. அப்பா லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி, இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

"நாய்க்குப் பசிக்குது. அவங்க ரெண்டு பேருக்கும் அது தெரியலை."

அதை அப்படியே கடைசி வரியாகச் சேர்த்து மறுபடி அனுப்பினார். பாஸ். ஒருவர், மனதைத் தொட்டுவிட்டது என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு உணர்ச்சி தேவைப்பட்ட இடங்களில் எல்லாம் அம்மாவைக் கேட்டார். அம்மாவும் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

கலை வணிகம் ஆரம்பமானதும் அம்மாவுக்கு வேலை குறைந்தது. ஏலம் விடுவது, ஒரு படம் யார் யார் கை மாறி வந்தது என்று தேடுவது. பதினேழாம் வாரம், படத்தின் நிலை அறிக்கை எழுதுவது எப்படி என்று ஒரு பாடம். அப்பா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். பாடம் எடுத்த அம்மாள் சொன்னாள்: பழைய விரிசலின் விளிம்பு தேய்ந்திருக்கும், உள்ளே அழுக்கு படிந்திருக்கும். புதிய விரிசலின் விளிம்பு கூராக இருக்கும், உள்ளே அடிப்பூச்சின் வெள்ளை தெரியும்.

அப்பா அந்த இடத்தை நான்கு முறை போட்டுப் பார்த்தார். பிறகு மகளுக்குப் போன் செய்தார். அவள் தொட்டிக்குள் இருந்தாள், வெளியே வந்து பேசினாள்.

"ஏம்மா, விரிசல் பழசா புதுசான்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

"உள்ள துரு இருந்தா பழசுப்பா. பளிச்சுன்னு இருந்தா புதுசு."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"இதை உன்கிட்ட பன்னெண்டு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்."

"அப்ப நான் பத்தாவதுப்பா."

"ஆமா. உனக்குப் பரீட்சை வேற," என்று போனை வைத்தார்.

பரணில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. தான் எழுதிய முக்கியமான அறிக்கைகளின் கார்பன் காப்பிகளை அதில் போட்டு வைத்திருந்தார். அந்த அறிக்கை மேலாகவே இருந்தது. ஒன்று முதல் ஆறு வரை, 'உள்ளே கறுப்பு'. எட்டு முதல் பதினான்கு வரை, 'உள்ளே கறுப்பு'. ஏழு: 'பெரியவரின் இடது தோளுக்கு மேல். நீளம் நான்கு செ.மீ. விளிம்பு கூர்மை. உள்ளே வெள்ளை.' அர்த்தம் தெரியாமலே கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தார். பதிமூன்றில் அவர் தப்பு. ஒன்றில் அவர் சரி.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பதிமூன்று விரிசல்களைத் திரும்பப் பெற்றது சரியே, ஏழாவதைத் திரும்பப் பெற்றதை மட்டும் திரும்பப் பெறுகிறேன் என்று. கம்பெனி கைமாறி, குடோன் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. கடிதம் திரும்பி வந்தது. உறையின் ஒரு முனை மடங்கியிருந்தது, அதைத் தபால்காரரிடம் காட்டினார்.

மேனேஜரின் நம்பர் பழைய டைரியில் இருந்தது. அவரும் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருந்தார். அப்பா போன் செய்தபோது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள். ஒரு மரியாதைக்கு உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு அப்பா விஷயத்துக்கு வந்தார். மேனேஜர் பெரிதாக மூச்சு விட்டார்.

"நீங்க இன்னும் அந்தப் பெட்டியை இறக்கி வைக்கலையா சார்?"

"பதிமூணை இறக்கிட்டேன். ஒண்ணு இருக்கு. ஏழாவது. அது புதுசு."

"லாரி குலுங்கினதை உங்களுக்கு யார் சொன்னா?"

அப்பா லாரியைப் பற்றிப் பேசவே இல்லை. மேனேஜருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மகன் கூப்பிடுகிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்பா தேதி, நேரம், அவர் சொன்ன வாக்கியம் மூன்றையும் கார்பன் காப்பியின் பின்புறம் எழுதினார். அம்மா, நல்லா நாலு கேட்டிருக்கலாமே என்றாள். கேட்க வேண்டியதைத்தான் அவரே சொல்லிவிட்டாரே என்றார்.

கோர்ஸின் கடைசிப் பயிற்சி, நேரில் பார்த்த ஒரு கலைப்பொருளின் நிலை அறிக்கை. திருத்திய அறிக்கையை வாங்கிக்கொள்ள உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான். அப்பா ஒன்பது நாள் எழுதினார். பதிமூன்று விரிசல், வயதினால். ஒன்று, வழியில். அனுப்பினார். முதல் ஆள் நான்காம் நாள் வந்து முழு மதிப்பெண் போட்டார், நடை வறட்சி என்ற குறிப்போடு. இரண்டாம் ஆள், போட்டோ எங்கே என்று கேட்டு மூன்று மதிப்பெண் குறைத்தார். அது நியாயம் என்றார் அப்பா. மூன்றாம் ஆள் வரவில்லை.

அதற்குள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் லீவு போட்டு வந்தாள். நுழைந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மூணாவது ஆள் வந்தாச்சா?"

இன்னும் இல்லை என்றாள். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும். நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு, ஒரு நோயாளியைப் பார்க்க இரண்டு பேருக்கு மேல் விடுவதில்லை, ஆனாலும் மூன்றாவதாக ஒருவர் வந்தால் விட்டுவிடுங்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தாள். வாட்ச்மேன் இரண்டு நாள் வருகிறவர்களை எல்லாம், நீங்கதானா அது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு இறந்தார்.

ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய சாமான்களைப் போட்டு, ஒரு படிவத்தோடு மகளிடம் கொடுத்தார்கள். 'பொருள்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு. மகள் பையைப் பிரித்து மேசையில் பரப்பினாள். கைக்கடிகாரம். போன். நோட்டு. மூக்குக்கண்ணாடி, அதன் வலது கண்ணாடியில் ஒரு கீறல். அது பழையதா புதியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அப்போதும் தெரியவில்லை. கேட்க வேண்டிய ஆள் இல்லை. 'கீறல் ஒன்று, ஆறு மி.மீ.' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் ஆள் வந்தது இருபத்திரண்டு நாள் கழித்து. மகள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கேண்டீனில் உட்கார்ந்து, வழக்கம்போல் அப்பாவின் கோர்ஸ் பக்கத்தைத் திறந்தாள். முழு மதிப்பெண். கீழே இரண்டு வரி: 'பதிமூன்று விரிசல் சேதம் அல்ல என்று சொல்பவர், ஒன்று சேதம் என்றால் நம்புகிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்கிறேன்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கிரேன் ஆபரேட்டர், என்னம்மா ஆச்சு என்றார். ஒரு ரிப்போர்ட் பாஸ் ஆகிவிட்டது என்றாள்.

அப்பாவின் பெயரில் சான்றிதழ் தயாராக இருந்தது. எடுப்பதற்கு முன் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். 'இந்தப் படிப்பை முடித்தவர் நான்தான் என்று உறுதி கூறுகிறேன்.' மகள் அம்மாவுக்குப் போன் செய்தாள். மூன்றாம் ஆள் எழுதியதை மெதுவாகப் படித்துக் காட்டினாள். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு மகள் கட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

"டிக் பண்ணிட்டு எடுத்துடேன். பிரேம் போட்டு மாட்டலாம். யார் பார்க்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

போனில் அம்மாவுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

"வேணாம், விடு," என்று அவளே சொன்னாள். "அவர் பார்ப்பார்."

சான்றிதழ் இன்னும் எடுக்கப்படவில்லை. திங்கட்கிழமைதோறும் அப்பாவின் மெயிலுக்கு, வாழ்த்துகள், இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி என்று நினைவூட்டல் வருகிறது. மகள் அதைத் திறந்து முழுவதும் படிக்கிறாள். எதையும் அழுத்தாமல் மூடி வைக்கிறாள்.