பெண்கள் பக்கத்துப் படங்கள்

லப்பைக்குடிக்காட்டில் நிக்காஹ் நடக்கும்போது ஆண்கள் பக்கம் வீடியோக்காரர்கள் விளக்கோடு நிற்பார்கள். பெண்கள் இருக்கும் பக்கம் அவர்கள் யாரும் வருவதில்லை. நஃபீசாவின் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. பதினான்கு வருடம் கழித்து, மணப்பெண்ணாக அன்று எப்படி இருந்தாள் என்று மகளிடம் காட்ட அவளிடம் ஒரு படம்கூட இல்லை.

கணவர் தாஜுதீன் ஷார்ஜாவில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தார். உள்ளே செல்போனில் கிளிப் மாதிரி மாட்டும் மூன்று லென்ஸ்கள். ஒன்று இடத்தை அகலமாகக் காட்டும். ஒன்று தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும். இன்னொன்று, விரலளவு தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும்.

அடுத்த மாதமே பக்கத்துத் தெரு அஃப்ஷானின் நிக்காஹ் வந்தது. மணப்பெண் உட்கார்ந்திருந்த அறை பத்துக்குப் பத்து. பாதி இடத்தை பீரோவும் கட்டிலும் அடைத்திருந்தன. நஃபீசா தன் செல்லில் அகல லென்ஸை மாட்டியதும் அங்கிருந்த அத்தனை பேரும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டார்கள். கிட்டப் பார்க்கும் லென்ஸில் மருதாணியின் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. பெண்கள் செல்லை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ், இனிமே நம்ம பக்கத்துக்கும் ஆள் இருக்கு" என்றாள் அஃப்ஷான்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான் நிலைத்தது. அஃப்ஷானின் தாய் ஜமீலா மாமி முகம் சிவந்து நஃபீசாவின் வீட்டுக்கு வந்தார். முக்காடு விலகிய நிலையில் அஃப்ஷான் சிரிக்கும் படம் ஒன்று யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்து, அங்கிருந்து ஊர் முழுக்கப் போயிருந்தது.

"நம்பித்தானே உள்ள விட்டேன். இப்படிப் பண்ணிட்டியே நஃபீசா!"

"மாமி, நான் யாருக்கும் அனுப்பலை. அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

மாமி செல்லை நீட்டினார். நஃபீசா அதைத் தன் படங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"இந்த பீரோவைப் பாருங்க. நான் எடுத்த படத்துல எல்லாம் வயிறு தள்ளி வளைஞ்சு நிக்குது. ஓரத்துல உக்காந்தவங்க மூஞ்சிகூட இழுத்துட்டுப் போகுது. இந்த லென்ஸ் போட்டா அப்படித்தான் வரும். உங்ககிட்ட இருக்கற படத்துல பீரோ நேரா நிக்குது. வெறும் செல்லுல வேற யாரோ எடுத்திருக்காங்க."

மாமி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "நீ இல்லைன்னு எனக்குத் தெரியுது. ஊருக்கு எப்படிம்மா தெரியும்?"

ஊருக்குத் தெரியவில்லை. அடுத்து நடந்த மூன்று நிக்காஹ்களுக்கு நஃபீசாவை விருந்துக்கு அழைத்தார்கள், படம் எடுக்க அழைக்கவில்லை. ஒரு வீட்டில் அவள் கைப்பையைப் பார்த்து, "செல்லை வெளிய வச்சுட்டு வாம்மா" என்றார்கள்.

அன்று சாயங்காலம் தாஜுதீன் போனில் பேசினார்.

"விடு நஃபீசா. நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

"விட மாட்டேங்க. தப்பு பண்ணாம நான் ஏன் விடணும்? அவங்க பயப்படறதுலயும் நியாயம் இருக்கு. செல்லுல எடுத்தா அடுத்த நிமிஷமே எங்க வேணா போயிடும். அந்தப் பயத்துக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் மறு வேலை."

"புது செல் ஒண்ணு அனுப்பவா? அதுலயே அகலமா எடுக்கலாம், தனியா லென்ஸே வேண்டாம்."

"செல் வேண்டாம். எனக்குக் கேமரா வேணும்."

பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நல்லதம்பியிடம் பழைய கேமரா ஒன்று விலைக்கு இருந்தது. நஃபீசா பஸ் ஏறிப் போனாள்.

"செல்லுக்கு மாட்டற கண்ணாடியெல்லாம் விளையாட்டுச் சாமான்மா" என்றார் நல்லதம்பி. "கேமராவுல லைட் கம்மியா இருந்தாலும் படம் சுத்தமா வரும். மூஞ்சி கோணாது. நெட்டும் கிடையாது, எடுத்ததெல்லாம் இந்தக் கார்டுலதான் இருக்கும்."

"கார்டைக் கழட்டிக் கொடுத்துட்டா என்கிட்ட ஒண்ணும் இருக்காதுல்ல?"

"ஒண்ணும் இருக்காது."

அந்த ஒரு பதிலுக்காகவே அவள் கேமராவை வாங்கினாள்.

ஆனால் வீட்டில் சோதித்தபோது புதுச் சிக்கல் வந்தது. அறையின் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் கேமராவில் ஒரு ஆளின் முகமும் தோளும்தான் அடங்கின. மருதாணிக் கையை நெருங்கினால் படம் கலங்கியது. போனில் கேட்டபோது, அதற்கெல்லாம் வேறு லென்ஸ் வேண்டும் என்றார் நல்லதம்பி. அதன் விலை கேமராவைவிட அதிகம். சின்ன அறையில் அந்தக் கிளிப் லென்ஸ்தான் உதவியது. ஆனால் அதை மாட்ட ஒரு செல் வேண்டும்.

இரண்டு நாள் அதையே யோசித்தாள். மூன்றாம் நாள் மகளின் செல்லில் லென்ஸை மாட்டிப் பார்த்தாள். பிறகு மாமியாரின் செல்லில். எந்தச் செல்லிலும் நின்றது. செல்லின் பின்னால் உள்ள கேமராக் கண்களில் எதன் மேல் வைப்பது என்று பார்த்துக்கொண்டால் போதும். அப்படியானால் மணப்பெண்ணின் செல்லிலேயே மாட்டலாமே! படம் அவளிடமே பிறக்கும், அவளிடமே இருக்கும்.

பத்து எவர்சில்வர் டம்ளர்களைச் சுவரோரம் வரிசையாக அடுக்கி, அகல லென்ஸில் எத்தனையாவது டம்ளரிலிருந்து உருவம் வளைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். அதற்குள் மட்டுமே ஆட்களை உட்கார வைக்க வேண்டும்.

பிறகு தானே இனாயாவின் வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரத்தில் இனாயாவுக்கு நிக்காஹ். இனாயாவின் தாயிடம் நேராகச் சொன்னாள்: "கேமராக் கார்டு முடிஞ்சதும் உங்க கையில. லென்ஸ் உங்க பொண்ணு செல்லுலதான் மாட்டுவேன். ஆனா ரூமுக்குள்ள வேற யார் செல்லும் வரக்கூடாது. சம்மதமா?"

இனாயாதான் முதலில் தலையாட்டினாள்.

நிக்காஹ் அன்று சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை செல்லைத் தர மறுத்தார். "என் செல்லைக் கேக்க நீ யாரு?"

நஃபீசா கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள். "செல் உள்ள இருந்தா நான் எடுக்க மாட்டேங்க. நாளைக்கு ஒண்ணு வெளிய போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க." சொல்லிவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

இனாயா கழுத்துமாலையைச் சரிசெய்துகொண்டே, "மாமி, எனக்குப் படம் வேணும். கொடுத்துடுங்க" என்றாள். புது மருமகள் கேட்ட பிறகு அந்த அம்மாளால் மறுக்க முடியவில்லை. கதவோரம் காலியாக இருந்த சோற்று அண்டாவில் செல்லைப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். அதன் பிறகுதான் நஃபீசா கேமராவை வெளியே எடுத்தாள், இனாயாவின் செல்லில் லென்ஸை மாட்டினாள்.

மதியம் இரண்டு மணிக்கு நஃபீசா கேமராவைத் திறந்து கார்டைக் கழற்றி, எல்லோரும் பார்க்க, இனாயாவின் தாய் கையில் வைத்தாள்.

அதில் ஒரு படமும் வெளியே போகவில்லை. அடுத்த மாதம் ஜமீலா மாமியே இரண்டு வீட்டாரிடம் அவள் பெயரைச் சொன்னார். இப்போது குரும்பலூர் வரைக்கும் போய் வருகிறாள். எல்லோரும் அவள் நிபந்தனைக்குச் சம்மதிப்பதில்லை. போன வாரம் அரியலூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, செல்லை வாங்கி வைப்பதெல்லாம் நடக்காது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

"சரிங்க, பாத்துக்கங்க" என்று போனை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹுக்காக கேமரா பேட்டரியைச் சார்ஜில் போட்டாள் நஃபீசா.