பலகைமேல் விழுந்த நிழல்

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இது என் அண்ணிக்கு நடந்தது. பேய் என்றாலே வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவர். இப்போது சிரிப்பதில்லை.

அண்ணியின் வேலை, செயற்கைக்கோள்களின் கண்ணைச் சோதிப்பது. வானத்தில் சுற்றச் சுற்ற அவற்றின் கேமராவுக்குப் பார்வை மங்கும். அதனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் அதே நேரத்தில், கீழே வெட்டவெளியில் நின்று வெளிச்சத்தைக் கருவியால் அளக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் கேமரா சரி. இல்லையென்றால் அது எடுத்த வெள்ளப் படம், பயிர்ப் படம் எதையும் நம்ப முடியாது.

அன்று போனது வற்றிப்போன ஓர் ஏரிக்கு. கண் கூசும் வெள்ளைத் தரை. புல் பூண்டுகூட இல்லை. கூட வந்தவர் ஒருவர்தான். ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'வால்'. அவ்வளவு சேட்டை.

காலை பத்தரை. தரையில் ஒரு வெள்ளைப் பலகையை வைத்து, அதில் விழும் வெயிலை அளந்தார் அண்ணி. பீப்... பீப்... எண் சட்டென்று பாதியாகச் சரிந்தது. யாரோ வெயிலை மறைத்த மாதிரி.

"வால், தள்ளி நில்லுங்க. நிழல் விழுது."

"நான் இங்க இருக்கேன், மேடம்."

குரல் வெகுதூரம் பின்னாலிருந்து வந்தது. வானத்தில் பொட்டு மேகமில்லை. அண்ணிக்குச் சந்தேகம். இது இந்த ஆளோட வேலைதான்...

"ஜீப்புல போய் உக்காருங்க. கதவைச் சாத்திக்குங்க."

போனார். டப். கதவு சாத்தும் சத்தம்.

மறுபடி அளந்தார். பீப்... மறுபடி சரிந்தது.

இப்போது கண்ணுக்கே தெரிந்தது. பலகையின் ஓரத்தில் ஒரு தலை. ஒரு தோள்.

சரக்... காய்ந்த மண் நொறுங்கியது. காதருகே.

நிமிர்ந்தார். யாருமில்லை.

பலகையைத் தொட்டார். வெயிலில் கிடந்த பலகை... சில்லென்றிருந்தது.

அந்த நிமிடம்தான் செயற்கைக்கோள் மேலே கடந்தது.

மறுநாள் படம் வந்தது. ஆள்கூடப் புள்ளியாகத் தெரிகிற படம். ஜீப் தெரிந்தது. அண்ணி தெரிந்தார். பக்கத்தில் ஆளே இல்லாமல் ஒரு நிழல். அண்ணியின் நிழல் மேற்கே விழுந்திருந்தது. அது கிழக்கே. சூரியனைப் பார்த்து.

"உண்மையைச் சொல்லுங்க. படத்துல ஏதாவது விளையாடினீங்களா?"

"என் குழந்தை மேல சத்தியமா இல்ல, மேடம்."

கேமராதான் கெட்டுவிட்டது என்று எழுதிவிடலாமா என்று அண்ணி தவித்தார். ஆனால் வேறோர் இடத்தில் மற்றவர்கள் அளந்த கணக்கு அச்சாகப் பொருந்தியது. கேமராவின் கண் சுத்தம்.

அந்த ஏரியே வேண்டாமென்று, எங்கோ தொலைவில் வேறொரு பொட்டல்வெளியைத் தேர்ந்தெடுத்தார். வாலிடம் சொல்லவில்லை. என் அண்ணனிடமும் மூச்சுவிடவில்லை. இடம் எப்படி என்று பார்க்க, செயற்கைக்கோளை அங்கே ஒரு படம் எடுக்க வைத்தார்.

அதை எனக்கும் காட்டினார். வெறும் வெள்ளைத் தரை.

நடுவில் ஒரு நிழல். கிழக்கே நீண்டு...

அண்ணி அங்கே இன்னும் போகவே இல்லை.