மேக்னட்டில் உறைந்த எண்ணெய்

அந்த டிராக்டரை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. டிராக்டர் என்ன செய்யும், பாவம். செய்தவர் என் தாய்மாமன்.

பண்ணைக்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. எழுபதுகளில் அப்பா ஒரு பழைய மண்ணெண்ணெய் டிராக்டரை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினார். அது உழவே இல்லை. பெல்ட் மாட்டினால் காப்பிப்பழம் உரிக்கும் மிஷினைச் சுற்றும். அவ்வளவுதான் அதன் சோலி.

இஞ்சினுக்குப் பொறி தரும் பெட்டி பக்கவாட்டில் இருக்கும். மேக்னட் என்பார்கள். அதன் மூடிக்குள் ஒரு சின்ன இரும்புக் கை திறந்து திறந்து மூடும். அங்கே கண்டதையும் தடவக் கூடாது. சூட்டில் உருகித் தெறித்தால் பொறி செத்துவிடும். அதற்கென்றே அப்பா வத்தலக்குண்டிலிருந்து உருகாத கிரீஸ் ஒன்று வாங்கி வைத்திருந்தார். தீக்குச்சி நுனியில் தொட்டு வைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

மார்கழியில் மாமா ஆயக்குடியிலிருந்து வந்தார். கொய்யா வியாபாரி. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அன்றுதான் முதல் பறிப்பு. பழம் குவிந்து கிடந்தது. விடிந்ததும் உரிக்காவிட்டால் புளித்துப்போகும். அப்பா இன்னும் தோட்டத்தில் இருந்தார். மாமா மேக்னட் மூடியைக் கழற்றிப் பார்த்து, உள்ளே காய்ந்து கிடக்கிறது என்றார். அம்மா தலைக்கு வைக்க அடுப்போரம் இளக்கியிருந்த தேங்காயெண்ணெயைக் கேட்டார்.

“அவுக வரட்டும்ண்ணே. அவுக வேற என்னமோ வைப்பாக.”

“போத்தா. இரும்பு என்ன சாதியா பாக்குது? எண்ணெய்னா எண்ணெய்தான்.”

ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலைக் குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாகும். எங்கள் ஊரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா? அண்ணன் கையைத் தட்டிவிட முடியவில்லை.

விடியற்காலையில் அப்பா இஞ்சின் கைப்பிடியைச் சுற்றினார், சுற்றினார். தோள் வலித்ததுதான் மிச்சம். மூடியைத் திறந்தார். உள்ளே மெழுகு மாதிரி வெள்ளை. அந்தச் சின்னக் கை அசையவில்லை. முகர்ந்து பார்த்தார். நேராக அம்மாவிடம் போனார். பக்கத்தில் மாமா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“மிஷினத் தொடச் சொல்லி ஒனக்கு எவன் சொன்னான்?”

“நாந்தான் தெரியாம வச்சுட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அப்பா வாய்க்கு வந்தபடி வைதார். எண்ணெய்ப் புட்டியைத் தூக்கி ஓடையில் வீசினார். மாமா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் துணியால் துடைத்து, கிரீஸ் வைத்து, இஞ்சின் பிடித்தபோது உச்சிப்பொழுது. குவியலில் அடிப்பழம் கொதித்து நாறியது. அதை அள்ளிக் குழியில் கொட்டியது அம்மாவும் நானும். மாமாவை அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். கூட ஒரு தார் மலைவாழை.

ஏன் பொய் சொன்னாய் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

“ஒங்கப்பாவுக்குத் தெரியும்டி.”

தெரிந்துமா உன்னை வைதார் என்றேன்.

“மச்சான எப்பிடி வைய முடியும்? அவரு காதுல விழட்டும்னுதான் என்னைய வஞ்சாக.”

வறண்ட தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணமாகி, என் தம்பி என் புருஷன் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.