தொண்டர் ரீச்சருக்கு ஊர் போட்ட புள்ளி

ரீச்சர் வேலை செய்யப் படிப்பு வேணும், பயிற்சி வேணும், நியமனம் வேணும். அந்த வேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வாய் ஒன்று போதும். வெண்கட்டித் தூளைத் தின்று இருமுகின்ற சகோதரிகளே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் துன்பத்தைப் பங்குபோட்டால் குறையுமென்று எங்கள் கொன்வென்ற் மதர் சொல்லுவா. மகன் நித்திரையாகிவிட்டான், பங்குபோடுகிறேன்.

நான் வவுனியாவில் கொன்வென்றில் படித்து, கலியாணம் கட்டிப் புதுக்குடியிருப்புப் பக்கம் வந்தவள். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபிறகு பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிரம்பினார்கள், ஆசிரியர்கள் நிரம்பவில்லை. உயர்தரம் சித்தியடைந்த குற்றத்துக்காக அதிபர் என்னைப் பிடித்து முதலாம் ஆண்டுக்கு நியமனமில்லாத தொண்டர் ஆசிரியையாக்கினார். "ஒரு தவணை பாப்பம் பிள்ளை. தாய்தகப்பன்மார் குறை சொல்லாட்டில் நில்லுங்கோ" என்றார். தொண்டராய் நிற்கும் காலம் இடையில் அறுந்தால் நிரந்தர நியமனத்தை மறக்கவேண்டியதுதான்.

ஆக என் தலைவிதி ஊர் வாயில் இருந்தது. அதிலும் மகேஸ்வரியக்காவின் வாயில். அவாவின் மகள் என் வகுப்பு. சந்தையில் மரக்கறி விற்கிறவா, கத்தரிக்காயோடு சேர்த்து என்னையும் நிறுத்துக்கொண்டிருந்தா: "பயிற்சியெடுக்காத பிள்ளையிட்டை எங்கட பிள்ளையளை விடலாமோ? தவணை முடியக் கூட்டத்தில கேக்கிறன்." எனக்கோ ஏற்கனவே பல்லிக்குப் பயம், அதிபருக்குப் பயம், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பயம்.

பஸ்ஸில் ஒரு கருத்தரங்கு

பக்கத்துச் சீற்றில் ஒரு அம்மா. முன்சீற்றில் வெற்றிலை போட்ட ஒரு ஐயா. பஸ் குழியில் விழுந்தெழும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு ஆசிரியர் விழுந்தார். "இப்பத்தையான் ரீச்சர்மாருக்கு என்ன தெரியும்?" என்றா அம்மா. "கதிரையில குந்தியிருந்து தேய்க்கத் தெரியும்" என்றார் ஐயா. நானும் பயத்தில் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். "பிள்ளை என்ன செய்யிறியள்?" என்று அம்மா என் பக்கம் திரும்பினா. "வீட்டில சும்மா இருக்கிறன்" என்றேன்.

அடுத்த தரிப்பில் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி தாயோடு ஏறினாள். "எங்கட ரீச்சர்!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தியபடி என் மடியில் வந்து விழுந்தாள். ஐயா வெற்றிலையை யன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சாந்தமாகச் சொன்னார்: "பிள்ளை பொய் சொல்லேல்லை. சும்மா இருக்கிறன் எண்டுதானே சொன்னது."

தவளைப் பயிற்சி

பயிற்சியில்லை என்ற குறையைப் போக்கக் கிளிநொச்சியில் நடந்த செமினாருக்குப் போனேன். "பிள்ளைகள் ஆடிப்பாடிப் படிக்க வேணும். ரீச்சரும் பிள்ளையாய் மாறவேணும்" என்றார் அங்கே வந்தவர். அடுத்த நாளே மாறினேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் தாய்த்தவளை, வகுப்பு முழுக்கக் குட்டித்தவளை. ஒன்றுக்கு ஒரு துள்ளல், இரண்டுக்கு இரண்டு துள்ளல்.

எங்கள் வகுப்போ அரைச்சுவர்க் கொட்டில். ஊருக்கே படம் காட்டலாம். வயலுக்குத் தண்ணி கட்டப் போன கமக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நான் ஒன்பதில் நிற்கிறேன். நிறுத்தினால் வெட்கம், துள்ளினாலும் வெட்கம். கணக்குப் பிழைக்கக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு துள்ளி முடித்தேன். அவர் சைக்கிளில் ஏறுமுன் மரியாதையாகவே சொன்னார்: "ரீச்சர், எங்கட கண்டுக்குட்டியும் இப்பிடித்தான் துள்ளும். ஆனால் அது ஒரு செமினாருக்கும் போகேல்லை."

விலைத்துண்டு

முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா இடம்பெயர்ந்து போய், கிட்டடியில்தான் திரும்பி வந்து கடையைத் திறந்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கட்ட மலிவான சேலை கேட்டேன். "ரீச்சருக்குச் சம்பளம் என்ன மாதிரி?" என்றார். "தொண்டருக்கு என்ன சம்பளம், நானா? வந்தால் வரும்" என்றேன். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுதான் சனம் உங்களைக் குறை சொல்லுது. போன பெருநாளைக்கு ஒரு சட்டையை விலை போடாமத் தொங்கவிட்டன். வந்த சனமெல்லாம் எங்க கிழிஞ்சிருக்கெண்டு திருப்பித் திருப்பிப் பாத்திட்டுப் போச்சு. பிறகு அநியாய விலை எழுதிக் கொழுவினன், பின்னேரத்துக்கிடையில ரெண்டு பேர் சண்டைபிடிச்சுக் கேட்டாங்க." மலிவுச் சேலையைச் சுற்றித் தந்துகொண்டே புத்தியும் தந்தார்: "உங்கட படிப்பிப்பிலயும் ஒரு விலைத்துண்டைக் கொழுவுங்கோ ரீச்சர், ஊர் அடிபட்டுக்கொண்டு வரும்."

அரிசியில் போட்ட கோடு

விசயதசமிக்குப் பள்ளிக்கூடத்தில் ஏடு தொடக்கினார்கள். முதல் எழுத்தை எழுதுவிப்பவரின் கைராசிதான் பிள்ளையின் படிப்பு என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. அதிபர் முன்னாலும் கணித ஆசிரியர் முன்னாலும் நீள வரிசை. சமய ஆசிரியை ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மறிபட்டு நின்றதால் அவாவின் பாய் வெறுமையாய்க் கிடந்தது. "அதில போய் இருங்கோ பிள்ளை. பயப்பிடாதேங்கோ, உங்களிட்டை ஒருத்தரும் வராயினம்" என்று அதிபர் தைரியம் சொன்னார். மடியில் என் மகன், முன்னால் தாம்பாளம் நிறையப் பச்சையரிசி.

மகேஸ்வரியக்காவின் கடைக்குட்டிக்கும் அன்றுதான் ஏடு. அவன் அதிபரின் மீசையைக் கண்டு குழறி, கணித ஆசிரியரின் விரலைக் கடித்து, பாய் பாயாகத் தாண்டி ஓடிவந்தான். என் மகன் அரிசி தின்பதைக் கண்டதும் தானும் முன்னால் குந்தி வாயில் போடத் தொடங்கினான். எழும்பி ஓடமுன் விரலைப் பிடித்தேன். கொன்வென்றில் கொப்பியின் ஒவ்வொரு பக்கத் தலையிலும் சின்னச் சிலுவை போட்டுத்தான் எழுதத் தொடங்குவோம். என்னைப்போன்ற சைவப் பிள்ளைகளும் போட்டுப் போட்டு அது கையில் ஊறிவிட்டது. பயத்தில் அந்தக் கை முந்திவிட்டது. பிள்ளையார் சுழி இருக்கவேண்டிய இடத்தில், சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால், பச்சையரிசியில் வடிவான சிலுவை!

தேவாரம் பாடிய பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அதிபர் கண்ணை மூடினார். என் நியமனம் அரிசியோடு கலந்துபோயிற்று என்று நினைத்தபடியே சுழியையும் போட்டு, 'அ'வையும் எழுதுவித்தேன். பொடியனோ "இன்னொண்டு" என்று விரலை நீட்டினான். மகேஸ்வரியக்கா தாம்பாளத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, அழாத மகனைப் பார்த்தா. பிறகு பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி அதிபரிடம் சொன்னா: "சேர், இவன் படிச்சு ஆளாய் வந்தால் என்ர வளர்ப்பு, வராட்டில் இவா போட்ட சிலுவை. எனக்குப் பதில் சொல்ல ஆள் வேணும். இவன் சோதினை எழுதி முடிக்குமட்டும் இவாவை இஞ்சையிருந்து அசைக்கக்கூடாது!"

ஆக, சகோதரிகளே, பயிற்சியும் சம்பளமும் இல்லாத ஒருத்தி பள்ளிக்கூடத்தில் நிலைப்பதற்கு வேண்டிய ஒரேயொரு தகைமை, பின்னொருநாள் பழிபோட வசதியான ஆளாய் இருப்பதுதான்.