பொத்தானை விட்டால்தான் கேட்கும்

கடலை ஒரு முறைகூடப் பார்த்திராத நான், நடுக்கடலில் ஆபத்து வந்தால் ரேடியோவில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதைக் காஞ்சிபுரத்தில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி கற்றுக்கொண்டேன். அண்ணன் அப்போது சென்னைத் துறைமுகத்தில் லாஞ்ச் என்ற ஒரு விசைப்படகில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தான். செங்கல் அளவுக்கு ஒரு கை ரேடியோ. அதில் கரையோடு முறையாகப் பேசிக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வீடு என்றால் தறி. எங்களுடையது கோர்வைச் சேலை, உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவர் தறிக் குழியில் உட்கார்ந்து மிதியை மிதிக்க வேண்டும். இழைகள் பிரிந்து வழி விடும்போது கரைக்கான நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவைப் பக்கத்திலிருந்து இன்னொருவர் ஓட்ட வேண்டும். அண்ணன் இருந்தவரை குழியில் அவன், பக்கத்தில் அப்பா. அவன் போனதும் அப்பா குழிக்குள் இறங்கினார். அம்மாவுக்குக் கண் மங்கல், கரை இழை தெரியாது. மிச்சம் பெண்பிள்ளை நான்தான். ஒன்பதாம் வகுப்புப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அண்ணன் திரும்பி வந்தால் மறுபடி பள்ளிக்கூடம் போகலாம் என்பது வீட்டில் பேச்சு. அதாவது அவன் தோற்றால் நான் தப்பித்தேன்.

முதல் தடவை தோற்றுத்தான் போனான். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்றார்களாம். விடுப்பில் வந்தவன் ஒரு சோப்பு டப்பாவின் பக்கத்தில் சட்டைப் பொத்தானை ஒட்டி, இதுதான் ரேடியோ, அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம் என்றான். நான்தான் துறைமுகம். ஆபத்து என்பதற்கு மூன்று முறை ‘மேடே’ சொல்லிவிட்டு, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லிக் கடைசியில், பேசி முடித்தேன், இனி நீ பேசு என்பதற்கு ‘ஓவர்’ என்பான். எனக்குப் புரியட்டும் என்று தென்னேரி ஏரியில்தான் மூழ்குவான். இடுப்பளவுத் தண்ணீர்தானே, நடந்தே கரையேறு என்று துறைமுகம் பதில் சொல்லும். அம்மா ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

ஒரு சொல் தப்பவில்லை. பிறகு எப்படித் தோற்றாய் என்று கேட்டேன். அவன் பேசியது கரைக்கு முழுக்கக் கேட்டதாம். கரை சொன்ன பதில் மட்டும் இவனுக்குக் கேட்கவே இல்லையாம். ரேடியோவில்தான் கோளாறு என்று சாதித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இந்த முறை அவன் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். ‘ஓவர்’ சொன்ன பிறகும், நான் பதில் சொல்லி முடிக்கும்வரை, கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. கால் பெருவிரலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

தறிக்காரன் கால் அது. நாடா மறுபக்கம் போய்ச் சேரும்வரை மிதியை விடக் கூடாது. விட்டால் நாடா நடுவில் சிக்கி இழை அறுந்துவிடும். அப்பாவிடம் முதுகில் அடி வாங்கி வாங்கிப் படிந்த பழக்கம் விரலுக்கும் ஏறிவிட்டது. சோப்பு டப்பாவில் விட்டாலும் விடாவிட்டாலும் என் குரல் கேட்கும். நிஜ ரேடியோவில் விடாவிட்டால் கேட்காது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பையை ஆணியிலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் சேலைக் கரையில் ஒரு இழை பிசகினாலே பொறுக்காத பிறவி நான்.

“நீ மிதிய மிதிச்சிக்கினே இருக்கறண்ணா,” என்றேன். “விட்டாதான் கேக்கும்.”

அவன் தன் கட்டைவிரலையே வெகுநேரம் பார்த்தான். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

வேலை நிரந்தரமாயிற்று. அண்ணன் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தான், தெருவுக்கே கொடுத்தோம். சத்தியமாக எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுக்கவில்லை. ஆணியில் இருந்த பையை அம்மா நூல் சுற்றும் குச்சிகள் போட்டுவைக்க எடுத்துக்கொண்டாள்.

சுவருக்கும் தறிக்கும் நடுவில் என் இடம். கால் நீட்ட முடியாது. கருட சேவை தெருவைக் கடந்து போனாலும் மேளச் சத்தம் மட்டும்தான் எனக்கு. கோபம் கோபமாக வரும். அப்பாமேல் கோபப்படலாமென்றால் அவரும் குழிக்குள்தான் கிடந்தார்.

ஒரு மழைநாள் மத்தியானம் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிறுத்தினேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த முறைப்படியே கூப்பிட்டேன். யார், எங்கே, என்ன ஆபத்து, என்ன உதவி.

“அப்பா, நான்தாம்பா. இங்கதான், உன் பக்கத்துலதான் இருக்கறேன். என்னால முடியல, மூச்சு முட்டுது. கூலிக்கு யாரயாவது வெச்சிக்கினு என்ன பள்ளிக்கூடத்துக்கு அனுப்புப்பா.”

‘ஓவர்’ என்று மட்டும்தான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

அப்பா மிதியை விடவில்லை. இழைகள் பிரிந்தபடி நின்றன. கரையைப் பார்த்தபடியே பேசினார்.

“கேட்டுச்சும்மா.”

கூப்பிட்டவனுக்குக் கரை முதலில் சொல்ல வேண்டியது அதுதான், கேட்டது என்று. படகு அனுப்புவது அதற்கு அப்புறம். அண்ணன் அதையும் சொல்லிக்கொடுத்திருந்தான். அதனால் காத்திருந்தேன். மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. படகு எதுவும் வரவில்லை. நாடா போகும்வரை மிதியை விட முடியாத அப்பாவின் கால் நடுங்க ஆரம்பித்தது.

நான் நாடாவை ஓட்டினேன்.