மார்ச் வரை புகார் இல்லை

எங்கள் கல்லூரியில் பாலியல் புகார்களை விசாரிக்க ஒரு குழு உண்டு. என்னை அதில் சேர்த்ததற்கு என் அறிவோ துணிவோ காரணமில்லை. எழுத்து அழகாக இருக்கும், அவ்வளவுதான். கல்லூரியை ஆய்வு செய்ய ஆட்கள் வருகிறார்கள் என்றதும் முதல்வர் குழுவின் கூட்டப் பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நடக்காத கூட்டங்களுக்கெல்லாம் தேதி போட்டு, ‘புகார் ஏதும் வரவில்லை’ என்று எழுதினேன். கை ஓடிய வேகத்தில் அடுத்த மார்ச் வரைக்கும் எழுதிவிட்டேன். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை; எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சிறுவாச்சூர் அம்மனுக்கே தெரியாத எதிர்காலம் எங்கள் பதிவேட்டுக்குத் தெரிந்திருந்தது.

நவம்பரில் அந்தப் பெண் வந்தாள். வாலிகண்டபுரம் பக்கம், வேதியியல் இரண்டாம் ஆண்டு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனால் ஆய்வக ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டுத் தோளில் கை வைக்கிறாராம். இவள் கையைத் தட்டிவிட்ட நாளிலிருந்து கையெழுத்துப் போட மறுக்கிறாராம். அது இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள்.

“எங்க வூட்ல சொல்லிடாதீங்க மேடம். படிப்ப நிறுத்திடுவாங்க.”

முதல்வரிடம் சொன்னேன். பதறிப்போனார், பதிவேட்டுக்காக. ஏப்ரலில் வந்து புகார் கொடுக்கச் சொல்ல முடியுமா என்றுகூடக் கேட்டார். பிறகு, மாணவியின் பாதுகாப்பை உத்தேசித்து, அவள் அப்பாவை வரவழைத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பது என்று குழு முடிவெடுத்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. நானும் தலையாட்டினேன்.

மறுநாள் அப்பா வந்தார். அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மகள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். முதல்வர் நடந்ததைப் பட்டும் படாமலும் சொல்லி, காலம் கெட்டுக் கிடப்பதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசி, பெண் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று முடித்தார்.

“தப்பு பண்ணவரு எங்கங்க இருக்காரு?” என்றார் அப்பா.

முதல்வர் கூரையைப் பார்த்தார். ஆய்வகத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நான்தான் சொன்னேன்.

“அப்ப அவர வூட்டுக்கு அனுப்புங்க சார். எம் புள்ள கிளாசுக்குப் போவட்டும்.”

முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இடைநீக்க உத்தரவு எழுத்தில் கிடைக்கும்வரை அந்த மனிதர் நகரவில்லை. மதியத்துக்குள் ஆய்வக ஆசிரியர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அந்தப் பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் பயந்திருக்கிறாள்.